உயர்தெளிவுத் தொலைக்காட்சியும் அலைவாங்கியும்

காட்சியில் வேட்கை இல்லாதார் உலகில் இலர். கூத்தும் நாடகமும் காண இராப்பொழுதில் பல கல் தொலைவு நடந்து சென்ற மக்களின் வழித்தோன்றல்கள், இன்று தம் இல்லத்திலிருந்தவாறே கடல்கடந்த நாடுகளின் நிகழ்ச்சிகளையும் காண்கின்றனர். அதற்குக் கருவியாய் அமைந்தது தொலைக்காட்சி. அக்காட்சி முன்னினும் பன்மடங்கு கூர்மையாகத் தோன்றுமாறு திருத்தி அமைக்கப்பெற்றதே உயர்தெளிவுத் தொலைக்காட்சியாகும். எச்.டி. என்னும் ஈரெழுத்துகளால் அதனைச் சுருக்கி வழங்குவர்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு குடும்பத்தார் இத்தகைய பெட்டியொன்றை வாங்கி வந்து சுவரிற் பொருத்துகின்றனர் எனக் கொள்க. பெட்டி வந்துவிட்டது, காட்சி எவ்வழியாக வரும்? கேபிள் நிறுவனத்தார்க்குத் திங்கள்தோறும் பொருள் செலுத்திக் கம்பிவழியே பெறுவதா? செயற்கைக் கோளிலிருந்து தட்டு வைத்துப் பெறுவதா? இணையத்தின் வழியே பெறுவதா? அன்றி, பாட்டனார் காலத்தில் கூரைமேல் நின்றதே ஒரு கம்பிக்கூடு, ஆன்டெனா எனப் பெயரிய அந்த அலைவாங்கியை மீண்டும் நிறுத்துவதா? இவ்வினா சிறிதாகத் தோன்றினும், விடை பிழைபடின் இழப்பு சிறிதன்று. வீட்டின்மேல் விலையின்றி வந்து விழும் காட்சிக்கு ஆண்டு முழுதும் பொருள் கொடுப்பாரும் உளர். மலைமறைவில் வாழ்ந்துகொண்டு, கடைக்காரரின் சொல்லை நம்பிப் பயன்படாக் கருவியை வாங்கி ஏமாறுவாரும் உளர். இருதிறத்தாரும் அறியாதது ஒன்றே. அஃது அலையின் இயல்பு.

அந்நாட்டுத் தொலைக்காட்சி நிலையங்கள் தம் நிகழ்ச்சிகளை உயர்ந்த கோபுரங்களின் உச்சியிலிருந்து வானலைகளாக எத்திசையும் பரப்புகின்றன. அவற்றைப் பெறுவதற்குக் கட்டணம் இல்லை, உரிமச்சீட்டும் இல்லை. வாணிக விளம்பரங்களால் வரும் வருவாயே பெரும்பாலான நிலையங்களை நடத்துகின்றது. வானம் பொதுவுடைமை, அதில் ஒரு வழியைத் தனக்கெனப் பெறும் நிலையம், பொதுநலனுக்கு உழைத்தல் வேண்டும் என்னும் கட்டுப்பாட்டின்மேல் தான் கூட்டாட்சித் தொலைத்தொடர்பு ஆணையத்திடமிருந்து உரிமம் பெறுகின்றது. புயலும் வெள்ளமும் வருங்காலத்து எச்சரிக்கைகளும் இவ்வலைகளின் வழியே வருகின்றன. இணையம் அறுந்து கேபிள் ஓய்ந்த இரவிலும், மின்கலத்தால் இயங்கும் ஒரு சிறு பெட்டியும் ஒரு முழக் கம்பியும் இருப்பின், கோபுரம் நிற்குமளவும் செய்தி வந்துகொண்டிருக்கும்.

இனி, அலைவாங்கி என்பது யாது என ஆராய்வோம். அஃது உலோகத்தாலாகிய ஒரு கோல். அன்றிக் கோல்களின் தொகுதி. மின்காந்த அலை அதன்மீது படும்போது, கோலினுள் நுண்ணிய மின்னோட்டம் ஒன்று எழுகின்றது. அம்மின்னோட்டத்தைக் கம்பிவழியே பெட்டிக்குக் கொண்டுசெல்வர். அவ்வளவே. இவ்வுண்மையைச் செருமானிய நாட்டுக் கால்சுரூ நகரில் ஐன்ரிக்கு ஏர்ட்சு என்னும் பேரறிஞர் 1886 முதல் 1888 வரை நிகழ்த்திய ஆய்வுகளால் உலகிற்குக் காட்டினார். அலைகளின் அதிர்வெண்ணை இன்றும் அவர் பெயராலேயே அளக்கின்றனர். மெகாஏர்ட்சு என்பது நொடிக்குப் பத்து இலட்சம் அதிர்வுகள்.

இந்நாட்டு வீட்டுக் கூரைகளில் ஒருகாலத்தில் மீன்முள் போன்ற வடிவில் நின்ற அலைவாங்கியை அறியாதார் சிலரே. 1975-ஆம் ஆண்டு ஆகத்து 15-ஆம் நாள் சென்னையில் தொலைக்காட்சி தொடங்கிய பின்னர் அவ்வடிவம் தமிழ்நாட்டில் பெருகிற்று. 1982-இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியபின், தென்கரையோர ஊர்களில் கடல்கடந்துவரும் அவ்வலையைப் பற்றுதற்கெனவே நெடிய குழாய்களை நட்டு அவற்றின் உச்சியில் மீன்முள்ளைப் பொருத்தினர். அவ்வடிவைக் கண்டவர் யாவர் என்பது கேட்டற்கு இனியது.

சப்பான் நாட்டுச் செண்டாய் நகரில் அந்நாளில் தோகோக்குப் பேரரசுப் பல்கலைக்கழகம் இருந்தது. அங்கே பணிபுரிந்த சிண்டாரோ உடா என்பார், ஒரு கோலின் முன்னும் பின்னும் வேறு கோல்களை அளவறிந்து நிறுத்தினால், பின்னது அலையைத் திருப்பியும் முன்னவை அதனை ஒருமுகப்படுத்தியும் நடுக்கோலிற்கு வலிமை ஊட்டுதலைக் கண்டு 1926-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர்க்கு மூத்த பேராசிரியராகிய இடெசுகு யாகி, 1928-இல் ஆங்கிலத்தில் அதுபற்றி எழுதினார். உழைத்தவர் பெயர் பின்தங்க, எழுதியவர் பெயரே மேலைநாடுகளில் முன்னின்றது. இன்று இருவர் பெயரையும் இணைத்து யாகி-உடா அலைவாங்கி என்றல் முறை. ஆயின் சப்பானியர் அந்நாளில் அதனைப் பெரிதும் போற்றிலர். 1942-ஆம் ஆண்டு பெப்பிரவரியில் சிங்கப்பூர் அவர்கள் வசப்பட்டபோது, ஆங்கிலேயர் விட்டுச்சென்ற குறிப்பேடு ஒன்றில் 'யாகி' என்னும் சொல் பலகால் வந்தது. அதன் பொருள் விளங்காமல், சிறைப்பட்ட ஆங்கிலேயத் தொழில்வல்லுநர் ஒருவரை வினவினர். அது நும் நாட்டுப் பேராசிரியர் ஒருவரின் பெயர் என அவர் விடையிறுத்தார் என்பர். தன் வீட்டு விளக்கின் ஒளியை அயலாரிடம் கேட்டறிந்த இந்நிகழ்ச்சி, அலைவாங்கியின் வரலாற்றிற் பெரிதும் பேசப்படுவது.

இத்துணையும் கூறியது எதற்கெனின், இவ்வலைவாங்கி தோன்றிய காலத்தில் உயர்தெளிவுத் தொலைக்காட்சி என்னும் சொல்லும் இல்லை என்பதை உணர்த்துதற்கே. அமெரிக்கக் கடைகளில் 'எச்.டி. ஆன்டெனா', 'டிஜிட்டல் ஆன்டெனா' என்று பொறித்த பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பர். வாங்குவோர், பழைய ஆன்டெனா பழைய காட்சிக்கும் புதியது புதிய காட்சிக்கும் உரியன என எண்ணி மயங்குவர். இது பிழை. தன்வழிச் செல்லும் நீர் நெல்லுக்குப் பாய்கின்றதா கரும்புக்குப் பாய்கின்றதா என்பதை வாய்க்கால் அறியாது. அவ்வாறே, தன்மீது படும் அலை பழைய முறைக் காட்சியைச் சுமந்து வருகின்றதா, எண்முறைக் காட்சியைச் சுமந்து வருகின்றதா என்பதை அலைவாங்கி அறியாது. அதற்கு வேண்டுவது அலையின் அதிர்வெண்ணிற்கு ஏற்ற அளவும், கோபுரத்தை நோக்கிய முகமும், போதிய உயரமுமே. அறுபது ஆண்டுகட்கு முன் நிறுத்திய யாகி-உடா ஒன்று துருவேறாது நிற்குமாயின், அதுவே இன்று உயர்தெளிவுக் காட்சியைக் குறைவறக் கொண்டுதரவல்லது. காட்சியைத் தெளிவுடையதாக்குவது நிலையமும் பெட்டியுமே, அலைவாங்கி அன்று.

பழைய முறைக்கும் புதிய முறைக்கும் உள்ள வேறுபாடு பெறும் இடத்தில்தான் புலப்படும். அமெரிக்காவின் பழைய முறையில் படம் 525 வரிகளால் அமைந்தது. அவற்றுள் கண்ணுக்குப் புலனாவன ஏறத்தாழ 480. புதிய முறையில் 720 வரிகளாகவோ 1,080 வரிகளாகவோ படம் அமைகின்றது. இம்முறையை அந்நாட்டு ஆணையம் 1996-ஆம் ஆண்டு திசம்பரில் ஏற்றது. முழுவலிமை நிலையங்கள் யாவும் பழைய முறையை விட்டொழிக்க வேண்டிய நாள், முதலில் 2009 பெப்பிரவரி 17 எனக் குறிக்கப்பெற்று, மக்கள் ஆயத்தமாகவில்லை என்னும் காரணத்தால் அவ்வாண்டு சூன் 12-க்குத் தள்ளிவைக்கப்பெற்றது. பழைய பெட்டியுடையார் மாற்றுக்கருவி வாங்குதற்கு உதவியாக, வீடொன்றிற்கு 40 தாலர் மதிப்புள்ள சீட்டு இரண்டு வரை அரசு வழங்கிற்று. பல இலட்சம் குடும்பங்கள் அலைவாங்கியையே நம்பியிருந்தமை அப்போது நன்கு வெளிப்பட்டது.

பழைய முறையில் அலை மெலிந்தால் படமும் மெல்ல மெல்ல மங்கும். பனி பெய்வது போலப் புள்ளிகள் தோன்றும்; மலைமேலும் மாளிகைமேலும் பட்டுத் திரும்பிய அலையால், ஓர் உருவத்தின் அருகே அதன் நிழலுரு மற்றொன்று நிற்கும். ஆயினும், பொறுமையுடையார் பார்த்துக்கொண்டிருக்கலாம். எண்முறையோ அத்தகையதன்று. அலை ஓர் அளவிற்கு மேற்பட்டிருக்குமளவும் படம் மாசுமறுவின்றித் தோன்றும். அவ்வளவிற்குக் கீழ்ச்சென்றதும் சதுரம் சதுரமாகச் சிதையும். பின்னர் ஒன்றும் தோன்றாது. மலைமுகட்டில் நடப்பவன் விளிம்பினைத் தாண்டியதும் வீழ்வது போன்றது இது. ஆதலின், "அண்டை வீட்டாருக்கு நன்றாக வருகின்றது, நமக்கும் வரும்" என்று கொள்ளுதல் கூடாது. அண்டை வீடு விளிம்பிற்கு இப்பால் இருக்கலாம். இவ்வீடு அப்பால் இருக்கலாம்.

அலை ஒரு வீட்டை எட்டுமா என்பதை எவ்வாறு அறிவது? தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் ஒளியைப் போல நேரே செல்பவை. நிலவுலகமோ உருண்டை. எனவே, கோபுரத்தின் உயரத்திற்குத் தக்க ஓர் எல்லை வரையில்தான் அலை நிலத்தின் வளைவிற்குள் மறையாது செல்லும். கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆற் பெருக்கினால் அவ்வெல்லை ஏறத்தாழக் கிலோமீட்டரிற் கிடைக்கும். 300 மீட்டர் உயரக் கோபுரத்திற்கு இது 71 கிலோமீட்டர். வீட்டின் அலைவாங்கி 9 மீட்டர் உயரத்தில் நிற்குமாயின் அதற்கும் 12 கிலோமீட்டர் எல்லை உண்டு. இரண்டையும் கூட்டினால் 83 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இது சமநிலத்திற்குரிய கணக்கு. இடையில் குன்றிருப்பின் கணக்கு மாறும். '150 கல் தொலைவு வரை ஈர்க்கும்' என்று பெட்டியின்மேல் எழுதி, உள்ளங்கையளவு தகட்டை விற்பாருளர். நிலத்தின் வளைவை நிமிர்த்தும் ஆற்றல் அத்தகட்டிற்கு எங்ஙனம் வந்ததோ, அவரே அறிவர்!

லாசு ஏஞ்சலிசு நகரத்தார் இவ்வகையில் நற்பேறுடையார். நகரின் வடகிழக்கே ஏறத்தாழ 1,740 மீட்டர் உயர்ந்த வில்சன் மலையின்மேல் அந்நகரின் பெரும்பாலான நிலையங்களின் கோபுரங்கள் ஒருங்கே நிற்கின்றன. அலைவாங்கியை அம்மலையை நோக்கி ஒருமுறை திருப்பிவிட்டால் போதும், பின்னர்த் தொடவேண்டுவதில்லை. சான் பிரான்சிசுகோவின் நிலை வேறு. அது குன்றுகளின்மேல் எழுந்த நகரம். முற்காலத்தில் ஒரு தெருவில் தெளிந்த படமும் அடுத்த தெருவில் நிழலுருக்களுமாக அந்நகரத்தார் அல்லற்பட்டனர். 298 மீட்டர் உயரமுள்ள சூட்ரோ கோபுரம் எழுந்து 1973-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஒளிபரப்புத் தொடங்கிய பின்னரே பெரும்பகுதியோர் துயர் தீர்ந்தது. இன்றும் குன்றின் மறுசரிவில் வாழ்வார்க்குக் கோபுரம் அணித்தேயிருந்தும் அலை எட்டாமற் போதல் உண்டு. தொலைவு ஒன்றே கொண்டு முடிவு செய்தல் தவறு என்பதற்கு இந்நகரமே சான்று.

கோபுரத்தை நம்பும் வாழ்க்கைக்கு ஓர் இடரும் உண்டு. நியூயார்க்கு நகரின் பெரும்பாலான நிலையங்கள் உலக வாணிக மையத்தின் வடகோபுரத்து உச்சியிலிருந்து ஒளிபரப்பின. 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் அது வீழ்ந்தபோது, அங்கே பணியிலிருந்த பொறிவல்லார் 6 பேர் உயிர்நீத்தனர். அலைவாங்கியை மட்டும் உடைய வீடுகளில் அன்று காட்சிகள் அவிந்தன. எம்பயர் சுடேட்டு மாளிகையில் மாற்றுக்கருவி வைத்திருந்த 2-ஆம் நிலையம் தன் ஒளிபரப்பைத் தொடர்ந்தது. கேபிள் உடையார் பலர் ஏனைய நிலையங்களையும் கண்டனர்; அவர்கட்கு அவை நிலத்தடிக் கம்பிவழியே வந்தமையே காரணம்.

கேபிள் என்பதும் அலைவாங்கியின் வழிவந்ததே என்பது பலர் அறியாதது. ஓரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆறு கடலொடு கலக்குமிடத்தில் அசுடோரியா என்னும் சிற்றூர் உள்ளது. 1948-ஆம் ஆண்டு நவம்பரில், ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சியாட்டில் நகரில் ஒரு நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கிற்று. அசுடோரியாவில் வானொலி நிலையம் நடத்திய எட்டு பார்சன்சு என்பாரின் மனைவியார் தொலைக்காட்சி காண விழைந்தார். மனைவியின் விருப்பை நிறைவேற்ற, பார்சன்சு ஊரெங்கும் கருவியோடு அலைந்து, உயர்ந்த விடுதியொன்றின் கூரையில் அலை கிட்டுதலைக் கண்டார். அங்கே அலைவாங்கியை நிறுவிக் கம்பியைத் தம் இல்லத்திற்கு இழுத்தார். காட்சி வந்தது, அதனொடு ஊராரும் வந்தனர். வீடு நிறைந்து இடம்போதாமையால், அண்டை அயலார்க்கும் கம்பியை நீட்டினார். பென்சில்வேனியா மலைகளிலும் அக்காலத்தே இத்தகைய முயற்சிகள் எழுந்தன. 1950-இல் இலான்சுபோர்டு என்னும் சுரங்க ஊரில், மலையுச்சியில் நிறுவிய அலைவாங்கியிலிருந்து கம்பி வழியே வீடுதோறும் காட்சியை விற்றனர். பொது அலைவாங்கித் தொலைக்காட்சி என்பதே கேபிளின் முதற்பெயர். மலைமறைவில் வாழ்ந்தார்க்குக் கைகொடுக்கத் தோன்றிய அது, நாளடைவில் மலையே இல்லாத ஊர்களிலும் புகுந்தது. அதற்குக் காரணம் வேறு: வானில் வாராத பல நிகழ்ச்சிகளைக் கம்பிவழியே மட்டும் தரத் தொடங்கியமையே.

ஆகவே, அலைவாங்கி வேண்டுமா என ஆராய்வார் முதற்கண் கேட்டுக்கொள்ள வேண்டுவது, வீட்டார் காண விழைவது யாது என்பதே. ஊர்ச்செய்தி, வானிலை, ஏ.பி.சி., சி.பி.எசு., என்.பி.சி., பாக்சு, பி.பி.எசு. ஆகிய பெருவலையங்களின் நாடகங்கள், ஆண்டுதோறும் நாடே கூடிக் காணும் சூப்பர் பவுல் என்னும் கால்பந்தாட்டம் ஆகிய இவை வானில் வருவன. சி.என்.என்., ஈ.எசு.பி.என். போன்றவை வானில் வாரா. எத்துணை உயர்ந்த அலைவாங்கியும் அவற்றைக் கொணராது. ஏனெனில், இல்லாத அலையைப் பற்றுதல் எவர்க்கும் இயலாது. கேபிளுக்குப் பொருள் செலுத்தும் வீட்டார்க்கு ஊர் நிலையங்களும் அதிலேயே உயர்தெளிவாக வருமாயின், அவர்க்கு அலைவாங்கி இன்றியமையாததன்று. எனினும் ஒன்று கருதத்தக்கது. வானில் ஒரு நிலையத்திற்கு 6 மெகாஏர்ட்சு அகலமுள்ள வழியொன்று உண்டு. அதில் நொடிக்கு 1 கோடியே 90 இலட்சத்திற்கு மேற்பட்ட எண்குறிகள் செல்லும். கேபிள் நிறுவனத்தார் நூற்றுக்கணக்கான நிகழ்ச்சிகளை ஒரே கம்பியில் அடைக்க வேண்டியிருத்தலின், சிலபோது படத்தை மேலும் சுருக்குவர். அதனால், விலையின்றி வானில் வரும் படமே விலைகொடுத்துப் பெறும் படத்தினும் சிறந்திருத்தல் உண்டு. மேலும், பெருநிகழ்ச்சிகளோடு சிறுநிகழ்ச்சிகள் பலவற்றையும் நிலையங்கள் அதே வழியில் அனுப்புகின்றன. கேபிளில் அவை அனைத்தும் இடம்பெறுவதில்லை.

அடுத்துக் கோல்களின் அளவு. கோலின் நீளம் அலைநீளத்திற் பாதியாக இருத்தல் நன்று. 14 முதல் 36 வரையுள்ள வழிகள் யூ.எச்.எப். என்னும் உயரதிர்வெண் பிரிவைச் சார்ந்தவை. அவற்றின் அலைநீளத்திற் பாதி ஏறத்தாழ 25 முதல் 32 சென்டிமீட்டர். 7-ஆம் வழிக்கு வேண்டுவதோ 85 சென்டிமீட்டர். 2-ஆம் வழிக்கு இரண்டரை மீட்டருக்கும் மேல். சன்னற்கண்ணாடியில் ஒட்டும் மெல்லிய தகடுகள் யூ.எச்.எப். அலைகளை நன்கு பற்றும். 7 முதல் 13 வரையுள்ள வழிகளில் தடுமாறும். 2 முதல் 6 வரையுள்ளவற்றிற் பெரும்பாலும் தோற்கும்.

இங்கே ஒரு மயக்கம் உண்டு. திரையில் தோன்றும் எண் வேறு. அலை உண்மையிற் செல்லும் வழியின் எண் வேறு. மக்கள் பழகிய எண்ணை மாற்ற விரும்பாமையால், நிலையங்கள் பழைய எண்ணையே பெயர்போல வைத்துக்கொண்டன. நியூயார்க்கில் திரையில் 2 எனத் தோன்றும் நிலையம் செல்வது 36-ஆம் வழியில். ஆயின், அந்நகரின் 7-ஆம் நிலையமும் 11-ஆம் நிலையமும் தம் பழைய வழிகளிலேயே செல்கின்றன. எனவே, நியூயார்க்கில் சிறுதகடு மட்டும் வாங்கியவர் 2-ஐக் கண்டு மகிழ்ந்து 7-ஐக் காணாது வருந்துதல் கூடும். குறை பெட்டியிலன்று, கோலின் குறுமையில் உள்ளது. ஆணையத்தார் அமைத்துள்ள வரைபடத்தில் வீட்டின் முகவரியைக் கொடுத்தால், எந்நிலையம் எவ்வழியில், எத்திசையிலிருந்து, எத்துணை வலிமையோடு வருகின்றது என்பன தெரியவரும். பொருள் கொடுத்துக் கருவி வாங்குமுன் அதனைக் காணாதவர் இருளிற் குறிபார்ப்பவர் ஆவர்.

மாடிக் குடியிருப்புகளிலும் சங்கங்களால் ஆளப்படும் குடியிருப்புகளிலும், கூரைமேற் கம்பி நிற்றல் அழகைக் கெடுக்கும் என்று தடைவிதிப்பார் அந்நாட்டிலும் பலர். 1996-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் வழியாக ஆணையம் வகுத்த விதி அத்தடையை நீக்கிற்று. தமக்கே உரிய இடத்தில் ஊர் நிலையங்களைப் பெறுதற்கு அலைவாங்கி நிறுத்துவாரை எவரும் தடுத்தல் கூடாது. 1999 முதல், வாடகைக்கு இருப்பாரும் தமக்கென உள்ள முன்மாடத்தில் அதனை நிறுத்தலாம். ஆயின், அனைவர்க்கும் பொதுவான கூரையில் இவ்வுரிமை இல்லை. கூரைக்குமேல் 12 அடியைக் கடந்த கம்பத்திற்கு இசைவு கேட்கவும் நேரும். எனவே, குடியிருப்பின் முன்மாடம் கோபுரத்திற்கு எதிர்த்திசையில் இருக்குமாயின், உரிமை இருந்தும் பயனில்லை.

அலைபெருக்கி என்னும் கருவியைப் பற்றியும் ஒருசொல். அலை மெலிந்திருந்தால் பெருக்கியை வாங்கி வைத்தால் தீரும் எனப் பலர் நம்புகின்றனர். பெருக்கி, அலையைப் பெருக்கும்போது அதனொடு கலந்த இரைச்சலையும் பெருக்குகின்றது. தானும் சிறிது சேர்க்கின்றது. கூரையிலிருந்து நெடுந்தொலைவு கம்பி ஓடும்போதும், ஓர் அலைவாங்கியைப் பல அறைகளுக்குப் பகிரும்போதும் வழியில் உண்டாகும் இழப்பை ஈடுசெய்தற்கே அது பயன்படும். இரண்டாகப் பகிர்ந்தால் ஒவ்வொரு பெட்டிக்கும் பாதிக்கும் குறைவாகவே அலை செல்லும் என்பதை நினைவிற்கொள்க. கோபுரத்திற்கு மிக அணித்தேயுள்ள வீட்டில் பெருக்கி வைத்தால், அலை மிகையாகிக் காட்சி கெடுதலும் உண்டு. பெருக்கிக்குச் செலவிடும் பொருளை அலைவாங்கியைப் பத்தடி உயர்த்துதற்குச் செலவிடல் பெரும்பாலும் மேலானது. உயர்த்துவார் மின்கம்பிக்கு விலகி நிறுத்துதலும், கம்பத்தைத் தடித்த கம்பியால் நிலத்தோடு இணைத்தலும் தவறாது செய்தல் வேண்டும். இடிமின்னல் உயரமானவற்றையே நாடும்.

பெட்டியினுள் அலையைத் தேர்ந்தெடுக்கும் ட்யூனர் என்னும் உறுப்பு உண்டா எனவும் நோக்குதல் வேண்டும். 2007-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் அந்நாட்டிற்கு வரும் தொலைக்காட்சிப் பெட்டிகள் யாவும் எண்முறை ட்யூனர் உடையனவாய் இருத்தல் வேண்டும் என்பது விதி. எனினும், கணினித் திரையாக விற்கப்படுவனவற்றில் அவ்வுறுப்பு இராது. அவற்றிற்குத் தனியே ஒன்று வாங்குதல் வேண்டும். 2017 நவம்பரில் புதியதோர் ஒளிபரப்பு முறையையும் நிலையங்கள் விரும்பினால் மேற்கொள்ளலாம் என ஆணையம் இசைவளித்தது. அதற்கு ட்யூனர் வேறு, அலைவாங்கி முன்னையதே.

இவையனைத்தும் அமெரிக்க வீட்டிற்குப் பொருந்துவன. எந்நாட்டிற்கும் பொருந்தும் எனக் கொள்ளற்க. இந்தியாவில் தூர்தர்சன் தன் பழைய முறைத் தரைவழி ஒளிபரப்புக் கோபுரங்களின் மிகப்பெரும்பாலானவற்றை 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்திற்குள் நிறுத்திவிட்டது. தமிழ்நாட்டுக் கூரையொன்றில் பழைய மீன்முள் இன்னும் நிற்குமாயின், அதன் குறை அலையின்மையே.

அமெரிக்க வீட்டாருக்கோ செய்முறை எளிது. வரைபடத்தில் வலிமைமிக்க நிலையங்கள் பல காணப்படின், விலைகுறைந்த சிறு அலைவாங்கி ஒன்றை, திருப்பிக் கொடுக்கும் உடன்பாட்டோடு வாங்கிக் கோபுரத் திசைச் சன்னலில் வைப்பர். பெட்டியை நிலையங்களைத் தேடுமாறு ஏவி, கிடைத்தவற்றை எழுதிக்கொள்வர். பின்னர் அதனை மற்றொரு சன்னலுக்கு மாற்றித் தேடுவர். சிலபோது ஓரடி நகர்த்தினாலே இரண்டு நிலையங்கள் கூடும். விரும்பியன யாவும் அதில் வருமாயின் மேற்செலவு வேண்டா. சில வாராவிடின், பரணிலோ கூரையிலோ பெரியதை நிறுத்துவர். வரைபடமே அலை மிக மெலிந்தது எனக் காட்டுமாயின், அம்முயற்சியிற் பொருள் இழவாது கேபிளையோ இணையத்தையோ நாடுவர். அலைவாங்கி நிறுத்தியவர் தேடுதலை ஒருமுறை செய்து விட்டுவிடலும் ஆகாது. 2017-இல் அரசு ஏலத்தில் விட்ட அலைவழிகளைக் கைப்பேசி நிறுவனங்கட்கு ஒழித்துக்கொடுக்க, ஏறத்தாழ ஆயிரம் நிலையங்கள் 2020 சூலை வரை படிப்படியாக வேறு வழிகட்கு மாறின. அக்காலத்தில் நிலையம் மறைந்துவிட்டது என வருந்தியவர் வீடுகளில், பெட்டியை மீண்டும் ஒருமுறை தேடுமாறு ஏவியவுடன் அந்நிலையம் பழைய எண்ணிலேயே தோன்றிற்று.